சாவி மட்டும் சொந்தம்

கார் வாங்குவது முன்னெப்போதையும்விட எளிதாகிவிட்டது. அதை எங்கே பழுது பார்ப்பது, எத்தனை ஆண்டு ஓட்டுவது என்ற முடிவுகள்தான் உரிமையாளரின் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சிக்கல் தலைநகர் தில்லியில் தெரிகிற அளவுக்கு வேறெங்கும் தெரியவில்லை.

குர்காவ், டிசம்பர் 14, 1983. புதிதாகத் திறக்கப்பட்ட மாருதி ஆலையில் பிரதமர் இந்திரா காந்தி ஒரு வெள்ளை நிற மாருதி 800 காரின் சாவியைக் கொடுத்தார். வாங்கியவர் தில்லியைச் சேர்ந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். விலை சுமார் ரூ. 47,500. 2010ல் அவர் இறக்கும்வரை, 27 ஆண்டுகள், அந்தக் கார் அவரிடமே இருந்தது.

இன்று தில்லியில் ஒருவர் புதுக் கார் வாங்கி அதை 27 ஆண்டு வைத்துக்கொள்ள ஆசைப்படலாம். ஆனால் ஆசையோடு நிற்க வேண்டியதுதான். பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு, டீசல் காருக்கு 10 ஆண்டு என்று தலைநகர் வட்டாரத்தில் கெடு இருக்கிறது. அந்தக் கெடுவுக்குள்ளும் கார் பழுதானால் அதைத் திறந்து பார்க்கும் திறமையும் கருவியும் தெருமுனை மெக்கானிக்கிடம் பெரும்பாலும் இல்லை. கடன் தவணை, காப்பீடு, சர்வீஸ் பில் எல்லாம் உரிமையாளரின் பெயரில் வருகின்றன. முடிவுகளை மட்டும் பிறர் எடுக்கிறார்கள்.

மிஸ்திரியின் காலம்

மாருதிக்கு முந்தைய இந்தியாவில் கதை நேர்மாறாக இருந்தது. அப்போது கார் வாங்குவதுதான் பெரும்பாடு. அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்ட் என்று சந்தையில் விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகளே இருந்தன. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முறை வந்து வண்டி கைக்கு வந்ததும், பொறுமையில்லாத வேறொருவர் அதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். அதாவது ஓடிய கார், ஓடாத காரைவிட அதிக விலைக்குப் போனது.

ஆனால் வந்த வண்டியை யார் வேண்டுமானாலும் பழுது பார்த்தார்கள். வட இந்தியாவில் ‘மிஸ்திரி’ என்று அழைக்கப்பட்ட மெக்கானிக்குக்குக் காதுதான் கருவி. இஞ்சின் சத்தத்தை வைத்தே வால்வா, பேரிங்கா என்று சொல்லிவிடுவார். கார்புரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் கழுவி மாட்டுவார். பிளாட்டினம் பாயின்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார். பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்துகொள்வார். காஷ்மீரி கேட்டின் உதிரிபாகச் சந்தையிலும் மாயாபுரியின் காயலான் கடைகளிலும் தேடினால் கிடைக்காத பாகம் அபூர்வம். கொல்கத்தாவுக்கு ஒரு மல்லிக் பஜார் போல, சென்னைக்கு ஒரு புதுப்பேட்டை போல, ஒவ்வொரு பெருநகருக்கும் அப்படி ஒரு சந்தை இருந்தது.

காற்று கெட்டபோது அந்தக் காலம் முடியத் தொடங்கியது. தில்லியின் மாசைக் கண்டு 1999ல் உச்ச நீதிமன்றம் தலையிட, தலைநகர் வட்டாரத்தில் பதிவாகும் புதுக் கார்கள் ஐரோப்பிய மாசுத் தரத்துக்கு மாற வேண்டியதாயிற்று. கார்புரேட்டர் போய் பியூயல் இஞ்செக்ஷன் வந்தது. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யத் தொடங்கியது. புகை குறைந்தது, மைலேஜ் கூடியது, நடுச்சாலையில் நின்றுபோவது குறைந்தது. உரிமையாளருக்கு இதில் நஷ்டம் எதுவுமில்லை. ஆனால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அதற்கு என்ன பொருள் என்று சொல்ல ஒரு ஸ்கேனர் வேண்டும். அந்த ஸ்கேனருக்கு மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் கம்பெனியிடம் இருந்தது. மிஸ்திரியின் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பில்லில் ஒளிந்திருப்பவை

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் இன்று ஒரு கார் உரிமையாளர் சந்திப்பது மெக்கானிக்கை அல்ல, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ‘சர்வீஸ் அட்வைசரை’. அவர் கையில் ஒரு டேப்லெட். ஆயில், ஆயில் பில்டர் மாற்றத்தான் வண்டி வந்திருக்கும். பட்டியலில் வீல் அலைன்மென்ட், ஏ.சி. சுத்திகரிப்பு, இஞ்சின் டீகார்பனைசிங், அடிப்பாகத்துக்குப் பூச்சு, உட்புற மெருகு என்று வரிகள் சேரும். இவற்றில் சில தேவைப்படலாம். எவை தேவை என்பதைக் காரோடு வரும் கையேடு கிலோமீட்டர் வாரியாகவே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தக் கையேட்டின் இடம் கிளவ் பாக்ஸ். பெரும்பாலான கார்களில் அது அங்கிருந்து வெளியே வருவதில்லை.

பழுது பார்ப்பதன் பொருளும் மாறிவிட்டது. முன்பு உடைந்த பாகத்தைச் சரிசெய்தார்கள். இப்போது பாகத்தையே மாற்றுகிறார்கள், சில நேரம் அந்தப் பாகம் அடங்கிய தொகுப்பு முழுவதையும். ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் விரல் நீளப் பிளாஸ்டிக் காது முறிந்தால் முழு ஹெட்லைட்டும் மாற்றப்படும். காது மட்டும் தனியாக விற்பனைக்கு இல்லை என்பதே பதில்.

காப்பீடு இருக்கிறதே என்ற நிம்மதியும் அரைகுறைதான். சாதாரண பாலிசியில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றின் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துவிட்டுத்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும். பைபர்கிளாஸ் பாகங்களுக்குக் கழிவு 30 சதவீதம், கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. அம்பாசிடரின் பம்பர் இரும்பு, இன்றைய காரின் பம்பர் பிளாஸ்டிக். ஆகவே சின்ன மோதலிலும் பாதிச் செலவு உரிமையாளர் தலையில் விழுகிறது. இதைத் தவிர்க்க ‘ஜீரோ டிப்ரிசியேஷன்’ என்ற கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. அதற்குத் தனி பிரீமியம்.

ஒரு புகார், 14 கம்பெனிகள்

இந்தப் பிடிமானத்தை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தது 2011 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போன ஒரு தனிநபரின் புகார். ஹோண்டா, வோக்ஸ்வாகன், பியட் ஆகிய கம்பெனிகள் தங்கள் கார்களின் அசல் உதிரிபாகங்களை வெளிச் சந்தையில் விற்பதில்லை, பழுது கண்டறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தருவதில்லை என்பது குற்றச்சாட்டு. விசாரணை தொடங்கியதும் இது மூன்று கம்பெனிகளின் பழக்கம் மட்டுமல்ல என்று தெரிந்தது. வளையத்துக்குள் மற்றவர்களும் கொண்டுவரப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 25, 2014 அன்று வந்த உத்தரவு கார் உலகை உலுக்கியது. 14 கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ. 2,544.65 கோடி அபராதம். மூன்றாண்டு சராசரி விற்றுமுதலில் 2 சதவீதம் என்பது கணக்கு. இதில் டாடா மோட்டார்ஸின் பங்கு ரூ. 1,346.46 கோடி, மாருதி சுசுகியின் பங்கு ரூ. 471.14 கோடி, மகிந்திராவின் பங்கு ரூ. 292.25 கோடி. உதிரிபாகங்களின் விலை வழக்கமாக 100 சதவீதத்துக்கு மேலும், சிலவற்றில் ஏறத்தாழ 5,000 சதவீதம்வரையும் ஏற்றப்பட்டிருந்தது என்றது ஆணையம்.

ஆணையத்தின் வாதம் எளிமையானது. கார் வாங்கும்வரை வாடிக்கையாளர் ராஜா. பத்துக் கம்பெனிகள் அவரைச் சுற்றி வரும். வாங்கிய மறுநாள் அவருக்கு ஒரே கடைதான். ஒரு கம்பெனியின் காருக்கு இன்னொரு கம்பெனியின் கியர்பாக்ஸ் பொருந்தாது. ஆகவே சந்தையில் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தன் காரின் உதிரிபாகச் சந்தையில் ஒவ்வொரு கம்பெனியும் ஏகபோக முதலாளி. அந்தப் பாகங்களில் பலவற்றைத் தயாரிப்பது கார் கம்பெனியே அல்ல, வெளியே இருக்கும் சப்ளையர்கள். அவர்கள் அதே பாகத்தை நேரடியாகக் கடைகளுக்கு விற்க முடியாதபடி ஒப்பந்தங்கள் தடுத்தன.

கம்பெனிகளின் பதிலிலும் விஷயம் இல்லாமல் இல்லை. பாகங்களின் வடிவமைப்பு தங்கள் அறிவுச் சொத்து என்றன. பயிற்சி இல்லாதவர் கையில் கொடுத்தால் பயணியின் உயிருக்கு ஆபத்து என்றன. போலி பாகங்களின் அபாயத்தையும் சுட்டிக்காட்டின. போலி என்பது கற்பனை பயம் அல்ல. ஹோலோகிராம் உட்பட அச்சு அசலான அட்டைப்பெட்டியில் வரும் போலி பிரேக் பேடை வெளித்தோற்றத்தில் கண்டுபிடிப்பது சிரமம். உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் சோத்திகஞ்ச் என்ற சந்தை, திருட்டு வண்டிகளைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்பதற்கே பெயர் பெற்றிருந்தது. போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகு 2021 டிசம்பரில்தான் அது மூடப்பட்டது. ஏர்பேக், மின்சாரக் காரின் உயர்அழுத்த பேட்டரி ஆகியவற்றை அரைகுறை அனுபவத்தோடு தொடுவது நிஜமாகவே ஆபத்து.

ஆணையம் இதை மறுக்கவில்லை. ஆபத்துக்கு மருந்து பூட்டு அல்ல, பயிற்சி என்றது. அசல் பாகங்கள் தடையின்றிக் கிடைக்க வேண்டும், சப்ளையர்கள் வெளிச் சந்தையில் விற்கலாம், பாகங்களின் விலையும் பராமரிப்புச் செலவும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும், வெளி மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் கருவிகளும் கிடைக்க வழி வேண்டும் என்று உத்தரவிட்டது. வாரன்டி பற்றிச் சொன்னதுதான் சாதாரண உரிமையாளருக்கு முக்கியம். வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை முழுசாக ரத்து செய்யக்கூடாது. வெளி மெக்கானிக்கின் தவறான வேலையால் கோளாறு வந்திருந்தால், அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம்.

கம்பெனிகள் வழக்காடின. 2016 டிசம்பரில் டொயோட்டா, போர்டு, நிஸ்ஸான் தொடர்பான முறையீட்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தவறு நடந்தது என்ற முடிவை உறுதிசெய்தது. ஆனால் அபராதத்தை மொத்த விற்றுமுதலில் அல்ல, உதிரிபாக விற்றுமுதலில் 2 சதவீதம் என்று குறைத்தது. 2022ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கார் உட்பட நான்கு துறைகளுக்கு ஓர் இணைய தளமும் திறந்தது. கம்பெனிகள் அதில் தகவல் தரலாம். தந்தே தீர வேண்டும் என்ற தனிச் சட்டம் அப்போது வரவில்லை.

பத்து ஆண்டுக் கெடு

உதிரிபாகம் பூட்டிய கதவு என்றால், வயது வரம்பு இடிக்கப்பட்ட வீடு. 15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் தில்லி சாலையில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் சொன்னது. 2015 ஏப்ரலில், தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதற்கு முத்திரை வைத்தது.

நாட்டின் பிற பகுதிகளில் 15 ஆண்டு என்பது மரண தண்டனை அல்ல. தகுதிச் சான்று பெற்று, பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். செலவுதான் கூடும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 600லிருந்து ரூ. 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்த காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆக்கப்பட்டது. தில்லியில் அந்த வழியும் கிடையாது. 4 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கரும்புகைக் காரும், வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய்வந்த காரும் அங்கே ஒரே தராசில்.

2025 ஜூலை 1 அன்று இது உச்சத்துக்குப் போனது. கெடு முடிந்த வண்டிகளுக்கு எரிபொருள் இல்லை என்று பங்க்குகளில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. தில்லியில் இருசக்கர வண்டிகளையும் சேர்த்து சுமார் 62 லட்சம் வாகனங்கள் இந்தப் பட்டியலில் வந்தன. மக்களின் கோபத்தைக் கண்டு ஒரே வாரத்தில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டிக் கட்டாய நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17 அன்று அதைத் திருத்தி, பி.எஸ். 4 மற்றும் அதற்குப் பிந்தைய தர வண்டிகளுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டது.

கணக்கு போட்டுப் பார்த்தால் இதன் பொருள் புரியும். ஒரு தில்லிவாசி 2014ல் டீசல் கார் வாங்கியிருந்தால், அது பி.எஸ். 4. ஜூலையில் அது காயலான் சரக்கு, ஆகஸ்டில் மறுபடி கார், டிசம்பரிலும் தப்பியது. ஜூலையில் பயந்துபோய் கிடைத்த விலைக்கு விற்றவருக்கு இந்த உத்தரவுகளால் பயனில்லை. 2008ல் பெட்ரோல் கார் வாங்கியவருடையது பி.எஸ். 3. அவர் வேறு மாநிலத்தில் பதிவுசெய்யத் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் அல்லது பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த சான்றைக் காட்டினால் அடுத்த சொந்தக் காரின் சாலை வரியில் 25 சதவீதம்வரை சலுகை தர மாநிலங்களுக்கு விதி இடம் தருகிறது. அடுத்த கார் வாங்க வசதி இருந்தால்.

மலிவு விலையின் மறுபக்கம்

தில்லியில் கெடு நெருங்கும் கார்கள் பழைய கார் சந்தைகளின் வழியாகப் பிற மாநிலங்களுக்குப் போகின்றன. உள்ளூர் விலையைவிடக் குறைவு என்பதால் வாங்க ஆள் இருக்கிறது. பிரச்சினை காகிதத்தில் தொடங்குகிறது. தடையின்மைச் சான்று கைக்கு வரும்முன் பணத்தைக் கொடுப்பவர், சொந்த ஊரில் பதிவுசெய்ய முடியாத காரோடு நிற்பார். புது மாநிலத்தின் சாலை வரியைச் சேர்த்தால் மலிவு விலை மலிவாகவும் இருக்காது.

கண்ணால் கண்டுபிடிக்க வேண்டியவையும் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய கார்களை ‘முழு இழப்பு’ என்று முடிவுகட்டும் காப்பீட்டு நிறுவனங்கள் அவற்றை ஏலத்தில் விற்கின்றன. சுத்தம் செய்து நறுமணம் அடித்த பிறகு அவை எங்கோ விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே வண்டல் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம் துருப்பிடித்திருக்கும். விபத்தில் அடிபட்ட காரில் பானெட்டின் இரு பக்க இடைவெளி சமமாக இருக்காது. மீட்டரில் 40,000 கிலோமீட்டர் காட்டும் காரின் கிளட்ச் பெடல் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. வாங்குவதற்கு முன் நம்பகமான மெக்கானிக்குக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய்தான் அந்தப் பேரத்திலேயே லாபமான செலவு.

விற்பவருக்கும் ஆபத்து உண்டு. கையெழுத்திட்ட படிவங்களோடு வண்டியைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவது வழக்கம். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. என்றோ விற்ற கார் எங்கோ மோதினால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குத்தான் வரும். பழைய கார் வியாபாரிகள் அங்கீகாரம் பெறுவதற்கும், வண்டி அவர்கள் கையில் இருக்கும் காலத்தில் அவர்களே பொறுப்பேற்பதற்கும் 2023 ஏப்ரல் முதல் விதிகள் அமலில் உள்ளன. அதற்கு, ஒப்படைத்த தகவல் போக்குவரத்துத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும்.

காகிதமே ஆயுதம்

குறைபாடுள்ள கார், திரும்பத் திரும்ப வரும் கோளாறு, ஒப்புக்கொள்ளாத வேலைக்குப் பில் ஆகிய எல்லாவற்றுக்கும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டப்படி நுகர்வோர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ரூ. 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே போதும். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

அங்கே வழக்குகள் தோற்பது பெரும்பாலும் நியாயம் இல்லாததால் அல்ல, காகிதம் இல்லாததால். தயாரிப்புக் குறைபாடு என்று சொன்னால் நிபுணர் சாட்சியம் கேட்பார்கள். ஒரே கோளாறுக்கு ஐந்து முறை வண்டி போனதற்கு அத்தாட்சி ஜாப் கார்டு. அதில் உரிமையாளர் சொன்ன புகார் அவர் சொன்னபடியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘பொதுச் சோதனை’ என்று எழுதப்பட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கு அங்கேயே பாதி முடிந்துவிடும். வேலை தொடங்கும்முன் எழுத்தில் மதிப்பீடு, மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்பது, எல்லா பில்லையும் ஒரே கோப்பில் வைப்பது ஆகிய மூன்றுக்கும் செலவே இல்லை.

நாட்டில் 2024-25ல் 43 லட்சம் புதுக் கார்கள் விற்றன. விற்பனைக்கு இருக்கும் அவசரம் பராமரிப்புக்கான விதிகளில் இல்லை. காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் தில்லிவாசிகளுக்கு மாற்றுக்கருத்து இருக்க முடியாது, மூச்சுத் திணறுவது அவர்களுக்குத்தான். ஆனால் வண்டியின் வயதை எண்ணுவதற்குப் பதில் அதன் புகையை அளப்பது, பழுது பார்க்கும் வழியைத் திறந்து வைப்பது என்ற இரண்டும் நடந்தால், நன்றாகப் பேணப்பட்ட கார் பேணியதற்காகவாவது பிழைக்கும்.

1983ன் அந்த முதல் மாருதி 800 உரிமையாளரின் மறைவுக்குப் பின் தில்லியில் வீட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு கம்பெனியே அதை எடுத்து, அசல் பாகங்களைப் பொருத்திப் புதிதுபோல் ஆக்கியது. இப்போது அது கம்பெனியின் தலைமையகத்தில் காட்சிக்கு நிற்கிறது. தில்லிச் சாலையில் ஓட்டத்தான் அனுமதி இல்லை.